கொழுந்துக் கணக்கும் ஆர் மொழியும்: கேள்வி பதில்

ஹட்டன் மாணவி: அக்கா, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கணக்கை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் ஏற்றினேன். சராசரி எடை அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடும் அளவுக்குக்கூட வரவில்லை. அம்மா பார்த்துவிட்டுப் பொய்க் கணக்கு என்கிறார். எங்கே பிழை?

அம்மா சொல்வது சரி. தங்கச்சி, முதலில் புள்ளிகளை அப்படியே வரைந்து பாருங்கள். அடியில், பூச்சியத்தில், நீளமாக ஒரு வரிசை கிடக்கும். வேலைக்கு வராத நாள், கவ்வாத்துக்கு (செடி வெட்ட) போன நாள், கொழுந்தை எடை போட்டும் பதியாமல் விட்ட நாள் எல்லாம் 0 என்று ஏறியிருக்கும். பறிக்காத நாள் பூச்சியம் இல்லை, அது என்ஏ, அதாவது ஆரில் ‘தரவு இல்லை’ என்ற குறி. ஒரு என்ஏ இருந்தாலே சராசரியும் என்ஏ என்று வருவதால் பலர் 0 போட்டு நிரப்பிவிடுகிறார்கள். வேண்டாம். சராசரி கேட்கும்போது என்ஏ.ஆர்எம் = ட்ரூ என்று கொடுங்கள், என்ஏ நாட்களை விட்டுவிட்டுக் கணக்கிடும், எத்தனை நாள் விடுபட்டது என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், ஒரே ஆளின் நூறு நாள் எடை நூறு தனி ஆட்களின் எடை ஆகாது. நேர்கோட்டுத் தொடர்பு காணும் எல்எம் கட்டளை அப்படித்தான் எண்ணிக்கொள்ளும். எல்எம்இ4 பொதியில் உள்ள எல்எம்இஆர் கட்டளையில் ஆளுக்கும் மலைக்கும் (கொழுந்து பறிக்கும் பகுதிக்கும்) தனித்தனி ரேண்டம் விளைவு வையுங்கள், ஆளுக்கு ஆள், மலைக்கு மலை உள்ள வித்தியாசத்தை அது தனியாகக் கணக்கில் எடுக்கும். அந்த மலையைக் கடைசியாகப் பறித்து எத்தனை நாள் என்பதையும் சேருங்கள். பறிக்கும் சுற்று தள்ளிப்போனால் எடை மாறும்.

நுவரெலியா: மழை ஒரு பக்கம், கொழுந்து மறுபக்கம் என இரண்டு அச்சில் வரைவது எப்படி?

ஆரில் படம் வரையும் பொதியான ஜிஜிபிளாட்2இல், இரண்டாம் அச்சு போட செக்_ஆக்சிஸ் உண்டு. ஆனாலும் வரையாதீர்கள். அளவை மாற்றினால் இரண்டு கோடும் நாம் நினைத்த இடத்தில் சந்திக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரைபு, ஒரே திகதி அச்சு, போதும்.

பண்டாரவளை ஆசிரியர்: புவியியல் பாடத்தில் மழையையும் வெப்பநிலையையும் அப்படித்தானே வரைகிறோம்?

உண்மைதான் சேர். அங்கே கோடு எங்கே வெட்டுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை, மாதத்தைத்தான் பார்க்கிறார்கள். இங்கே மழையால் கொழுந்து கூடியது என்று சொல்ல வருகிறோம்.

அதே ஆசிரியர்: கூட்டத்தில் ஒரே படம்தான் கேட்பார்கள்.

அப்படியானால் மழை கிடை அச்சில், கொழுந்து நிலை அச்சில், புள்ளிகளாக. மழை பெய்த அன்றே துளிர் எழாது, ஆகவே தரவைப் பின்தள்ளும் லேக் கட்டளை கொண்டு மழையைச் சில வாரம் தள்ளிப் பாருங்கள். ஹட்டனையும் உங்கள் ஊரையும் ஒன்றாகப் போடாதீர்கள். அங்கே மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை கொட்டும், உங்களுக்கு வடகீழ் பருவம். கலந்தால் இருக்கிற தொடர்பும் மறைந்துபோகும். ஃபேசெட்_ராப் போட்டு ஊர்வாரியாகப் பிரியுங்கள்.

பதுளை: சராசரி என்ஏ என்று வருகிறது.

முதல் பதிலைப் படியுங்கள். புள்ளிகளை வரையுங்கள்.

மாத்தளை: 0 போட்டு நிரப்பினால் என்ன?

தம்பி, மேலேயே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

தலவாக்கலை: நிலை அச்சுக்கு எல்லை வைக்க ஒய்லிம் கொடுத்ததும், புள்ளிகளின் போக்கைக் காட்டும் ஜியோம்_ஸ்மூத் கோடே மாறிவிட்டது!

நல்ல கண் உங்களுக்கு. ஒய்லிம் எல்லைக்கு வெளியே உள்ள புள்ளிகளை நீக்கிவிட்டுத்தான் கோட்டைக் கணக்கிடும். கோஆர்ட்_கார்டீசியன் உள்ளே ஒய்லிம் கொடுங்கள். படம் மட்டும் பெரிதாகும், தரவு அப்படியே இருக்கும்.