புழு தின்ற கோழியின் முட்டை

கேள்வி: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு என்ற ஊரில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சோயாப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் காய்கறிக் கழிவில் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்களை வளர்த்துத் தீவனத்தில் கலக்கிறேன். வாடிக்கையாக முட்டை வாங்கும் கொடைக்கானல் விடுதிக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "புழு போட்ட முட்டை வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். சொல்லாமலே விற்றிருக்கலாமோ, டாக்டர் ஐயா?
- ஒரு வாசகி

பதில்: சொன்னதுதான் சரி அம்மா. மறைத்து விற்று, நாளைக்கு அவருக்கே தெரியவந்தால் உங்கள் பேரே கெட்டுவிடும்.

கோழிக்குப் புழு நமக்குப் புதிதா என்ன? பழைய பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் கறையான் மொய்த்திருக்கும், குஞ்சுகளுக்குத் தட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குப்பையைக் கிளறிப் புழு பொறுக்கும் கோழியின் முட்டைக்குத்தான் பட்டணத்தார் கூடுதல் விலை தருகிறார்கள். தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலந்தால் யாரும் கேட்பதில்லை. புழுவைத் தொட்டியில் வளர்த்தோம் என்றால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். அழுகலும் நாற்றமும் வீட்டு ஈயும் அவர்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இந்த ஈ வேறு சாதி. குளவி போல ஒடுங்கிக் கருத்திருக்கும், கடிக்காது, நம் சாப்பாட்டைத் தேடி வராது. காய்ந்த புழுவில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம். மாட்டுப் பைத்திய நோய்க்குப் பயந்து தீவனத்தில் விலங்குப் புரதத்தைத் தடுத்த ஐரோப்பிய ஒன்றியமே, பூச்சிப் புரதத்தை 2017-இல் மீன் தீவனத்திலும் 2021-இல் கோழி, பன்றித் தீவனத்திலும் அனுமதித்துவிட்டது. ஆனால் புழுவுக்குச் சாணமோ ஓட்டல் எச்சிலோ போடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பு.

எனக்கும் கவலை அதில்தான். உங்கள் புழு எதைத் தின்கிறது? மலையில் கோசுக்கும் கேரட்டுக்கும் எவ்வளவு மருந்தடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மண்டியில் ஒதுக்கிய இலையை அள்ளிக் கொட்டாதீர்கள். காட்மியம் போன்ற நச்சு உலோகம் கழிவில் இருந்தால் புழுவின் உடம்பில் சேர்ந்துவிடும். உங்கள் தோட்டத்துச் சௌசௌ, வாழைப்பழம் போதும். எடுத்த புழுவைக் கொதிநீரில் முக்கி, நன்றாகக் காயவைத்துப் பொடியுங்கள். மார்கழிக் குளிரில் புழு மந்தமாகிவிடும்; தின்னாத கழிவு அழுகி நாறும். அந்த மாதங்களில் கழிவைக் குறைத்துப் போடுங்கள்.

சைவம் சாப்பிட்டு முட்டை மட்டும் சேர்த்துக்கொள்கிறவர்கள் வேண்டாமென்றால் வற்புறுத்த வேண்டாம், அது அவர்கள் மனசு. விடுதிக்காரரை மட்டும் ஒருமுறை வரச்சொல்லித் தொட்டியைத் திறந்து காட்டுங்கள். அவர் எதிரிலேயே இரண்டு முட்டையை வேகவைத்து உப்பு, மிளகோடு கொடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாமென்றால், பண்ணைக்காட்டிலேயே வாங்க ஆள் இருப்பார்கள்.