வீட் ப்ராஜெக்டில் இம்போர்ட் வரிகளைக் கையால் எழுதாமல் தப்பிக்க வழி உண்டா?

கேள்வி சுருக்கமாக: வியூ (Vue) என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு ப்ராஜெக்ட், பில்டுக்கு வீட் (Vite) என்ற கருவி. புதுப் பக்கம் ஒன்று சேர்க்கும்போதெல்லாம் எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் ரௌட்டர் ஃபைலைத் திறந்து, அந்தப் பக்கத்தின் ஃபைலை உள்ளே அழைக்கும் ஒரு இம்போர்ட் வரி எழுத வேண்டியிருக்கிறது. அதுபோக, ஒவ்வொரு காம்போனன்ட் தலையிலும் வியூவின் ஃபங்ஷன்களை இம்போர்ட் செய்ய ரெஃப், கம்ப்யூட்டட் என்று அதே பழைய பட்டியல். இரண்டையும் பில்டே பார்த்துக்கொள்ளாதா?

முதலாவதை அதன் தலையில் கட்டலாம், கட்டவும் வேண்டும். இரண்டாவதும் முடியும், ஆனால் நான் செய்வதில்லை.

எங்கள் டீமில் ஆறு பேர். ரௌட்டர் ஃபைலில் எழுபதுக்கு மேல் இம்போர்ட் வரிகள். இரண்டு பேர் ஒரே நாளில் ஆளுக்கொரு பக்கம் சேர்த்தால் போதும், அதே இடத்தில் இருவர் மாற்றமும் மோதி மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். பில்டுக்கு வெப்பேக் வைத்திருந்த காலத்தில் இதற்கு ரிக்வயர்.கான்டெக்ஸ்ட் இருந்தது. எந்த ஃபோல்டர், உள்ஃபோல்டரிலும் தேட வேண்டுமா, எந்த மாதிரிப் பெயர்கள் என்று மூன்றைச் சொன்னால் ஃபைல்களை அள்ளித் தந்துவிடும். வீட் பக்கம் வந்தால் அந்த வேலையைச் செய்வது இம்போர்ட்.மெட்டா.குளாப் (import.meta.glob). (இதை ‘வீட்டில்’ என்று எழுதப்போனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது போல் ஆகிவிடுகிறது, அதனால் சுற்றி வளைக்கிறேன்.)

இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் வராது. பிரவுசருக்கு உங்கள் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது, எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே பில்ட் நேரத்திலேயே வீட் உங்கள் கோடைப் படித்து, குளாப் வரியைக் கண்டதும் டிஸ்க்கில் தேடி, அந்த வரியை எடுத்துவிட்டு ஒரு ஆப்ஜெக்டை எழுதி வைக்கிறது. கீ, ஃபைலின் பாதை. வேல்யூ, அந்த ஃபைலை இறக்கித் தரும் ஃபங்ஷன். கோட் ஓடுவதற்கு முன்பே நடக்கிற வேலை என்பதால், பாதையை ஒரு வேரியபிளில் வைத்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது. மேற்கோள் குறிக்குள் நேராக எழுதியே ஆக வேண்டும். நான் இதில் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

அடுத்த தப்பு இதைவிடப் பெரியது. மெனுவில் காட்ட ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் தேவைப்பட்டது. ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் காத்திருக்கச் சோம்பல்பட்டு, ஈகர் என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்கிவிட்டேன். (பழைய உதாரணங்களில் குளாப்ஈகர் என்று தனி ஃபங்ஷனாகப் பார்ப்பீர்கள். 2022-இல் வந்த வீட் 3-இலிருந்து அது இந்த ஆப்ஷனாக மாறிவிட்டது.) மெனு பிரமாதமாக வந்தது. ஆனால் அதுவரை தனித்தனித் துண்டாகத் தேவைப்படும்போது மட்டும் இறங்கிக்கொண்டிருந்த எழுபது பக்கங்களும் முதல் லோடிலேயே மொத்தமாக வந்து விழுந்தன. லாகின் திரைக்கு வந்தவர், ஒருநாளும் திறக்கப்போகாத ரிப்போர்ட் பக்கத்தின் சார்ட் லைப்ரரி வரை இறக்கவேண்டிய நிலை. கடைசியில் தலைப்புகளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒரு குட்டி மெட்டா ஃபைலில் பிரித்து வைத்தோம். ஈகர் அந்தக் குட்டி ஃபைல்களுக்கு மட்டும், பக்கங்களுக்கு வழக்கமான சோம்பேறி முறை, அதாவது தேவைப்படும்போது மட்டும் இறங்குவது.

அப்புறம் ஒன்று. கையால் இம்போர்ட் எழுதும்போது, யாரும் கூப்பிடாத ஃபைல், பில்ட் கட்டித்தரும் பண்டிலுக்குள் நுழையாது. குளாப் வந்த பிறகு ஃபோல்டரில் கிடப்பதே அழைப்பிதழ். ‘இருக்கட்டும், பின்னால் பார்க்கலாம்’ என்று டாஷ்போர்ட்-ஓல்ட் என்ற பெயரில் நான் விட்டுவைத்த ஃபைல், ப்ரொடக்‌ஷனில் ஒரு நிஜ முகவரியோடு ஒரு வாரம் உயிரோடு இருந்தது. டெஸ்ட் ஃபைல்களைப் பக்கத்திலேயே வைக்கும் பழக்கம் இருந்தால் அவையும் இப்படித்தான் உள்ளே வரும். குளாப்புக்குப் பேட்டர்ன்களை அரேயாகக் கொடுத்து, வேண்டாதவற்றின் முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் விலகிவிடும்.

வரிசை முக்கியமான இடத்தில், அதாவது ஒன்று ஏறிய பிறகுதான் இன்னொன்று ஏற வேண்டும் என்ற இடத்தில், குளாப்பை நம்பாதீர்கள். பெயருக்கு முன்னால் எண் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. எழுத்து வரிசையில் 10 என்பது 2-க்கு முன்னால் வரும் என்பது, பத்தாவது ஃபைல் சேர்க்கிற அன்றுதான் அவர்களுக்குத் தெரியவரும். அங்கெல்லாம் நாலு வரியைக் கையால் எழுதுங்கள்.

சரி, ரெஃப், கம்ப்யூட்டட் விஷயம். அன்ப்ளக்இன் ஆட்டோ இம்போர்ட் என்ற ப்ளக்இன் அதைச் செய்யும். டைப்ஸ்கிரிப்டுக்காக ஒரு டைப் ஃபைலையும் தானே எழுதி வைக்கும். கோடில் தப்புப் பார்க்கும் ஈஎஸ்லின்ட் ‘இந்தப் பெயரே தெரியாது’ என்று கத்தாமலிருக்க அதற்கும் ஒரு செட்டிங் உண்டு. வியூ மேலேயே கட்டிய நக்ஸ்ட் ஃப்ரேம்வொர்க்கை வைத்திருந்தால் இதெல்லாம் பிறவியிலேயே இருக்கிறது, அங்கே எதிர்நீச்சல் போட வேண்டாம். சாதாரண வியூ ப்ராஜெக்டில் எனக்கு ஒத்துவரவில்லை. யூஸ்ஃபெட்ச் என்ற பெயர் நக்ஸ்டிலும் உண்டு, வியூயூஸ் லைப்ரரியிலும் உண்டு, நம் டீமிலேயே யாராவது அதே பெயரில் ஒன்று எழுதியும் வைத்திருப்பார். ஃபைல் தலையில் இம்போர்ட் இருந்தால் எது எங்கிருந்து வந்தது என்று ஒரு பார்வையில் தெரியும். ரிவ்யூவை பிரவுசரில் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு, மவுஸை வைத்தால் சொல்லிக்கொடுக்க எடிட்டர் பக்கத்தில் இருக்காது. பெயரை டைப் செய்யத் தொடங்கியதும் வரும் பரிந்துரையைத் தேர்ந்தெடுத்தால் விஎஸ் கோட் எடிட்டர் அந்த இம்போர்ட் வரியைத் தானே போட்டுவிடுகிறது. அப்படியிருக்க அதை மறைத்து மிச்சம் பிடிப்பது என்ன?

உங்கள் டெஸ்ட்கள் ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் ஓடுகின்றன என்றால், மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இம்போர்ட்.மெட்டா.குளாப் வீட் உடைய சொந்தச் சரக்கு, ஜெஸ்டுக்கு அது தெரியாது. விடெஸ்ட் என்றால் பிரச்சினை இல்லை, அது வீட் மேலேயே ஓடுவது. நாங்கள் ரௌட்டரை மாற்றிய அதே வாரம் டெஸ்ட்களையும் அங்கே நகர்த்த வேண்டியதாகிவிட்டது.