மாமாவின் அதிர்ஷ்டம்

கேள்வி: பொங்கல் லீவில் வீட்டில் ஆறு பேர் சேர்ந்து பதிமூன்று சீட்டு ரம்மி ஆடினோம். ஒரு ஆட்டத்தில்கூட நான் ஸ்கூட் விடவில்லை (கையைக் கவிழ்த்துவிட்டு விலகவில்லை), கடைசிவரை நின்று ஆடினேன். ஆனாலும் மூன்று நாளும் 101 புள்ளி தாண்டி முதலில் வெளியேறியது நான்தான். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மாமாவே ஜெயித்தார். ரம்மி வெறும் அதிர்ஷ்டம்தானே? இல்லையென்றால் எப்படித்தான் ஆடுவது?
- தஞ்சாவூர் வாசகர்

பதில்: மாமாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது உண்மை. அந்த அதிர்ஷ்டத்தின் பெயர் நீங்கள்.

ரம்மியில் நீங்கள் கீழே போடும் சீட்டை எடுக்கும் உரிமை அடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். மற்ற நான்கு பேரும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். ஆறு பேர் ஆட்டம் என்றாலும் உங்கள் சீட்டு போய்ச் சேருவது ஒரே ஆளிடம். அவர் ஆர்ட்டின் எட்டை எடுத்தார் என்றால் ஏழையும் ஒன்பதையும் கையில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் உங்கள் பதிமூன்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள், அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஜோக்கர் (எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் சீட்டு) கலக்காத ரம்மி ஒன்று கட்டாயம்: ஆர்ட்டின், ஸ்பேட் என்று ஏதாவது ஒரே சாதியில் வரிசையாக மூன்று சீட்டு. இன்னொரு வரிசையும் வேண்டும், அதில் ஜோக்கர் வரலாம். மீதியை வரிசையாகவோ செட்டாகவோ சேர்த்து டிக் அடிக்கலாம், அதாவது கையைக் காட்டி ஆட்டத்தை முடிக்கலாம். செட் என்றால் ஒரே எண், வெவ்வேறு சாதி. இரண்டு கட்டு கலந்திருந்தால் ஸ்பேட் ஏழு இரண்டு வரும், அந்த இரண்டையும் ஒரே செட்டில் சொருகிவிட்டு டிக் அடித்தால் உங்கள் தலையில் 80 புள்ளி. முதல் ரம்மி சேருமுன் வேறொருவர் டிக் அடித்து நீங்கள் மாட்டினால் கையில் உள்ள அத்தனையும் எண்ணப்படும், 80தான் உச்சம். ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் எல்லாம் பத்துப் பத்து. ராஜாவைப் பார்த்தால் பலருக்கு விட மனசு வராது. ஆனால் ராஜா நுழையக்கூடிய மூன்று சீட்டு வரிசை இரண்டுதான், ஏழுக்கோ மூன்று இருக்கிறது. கனத்தை முதலில் இறக்குங்கள்.

இப்போது அந்த ஸ்கூட் விஷயம். அதை ஏதோ வீரம்போல எழுதியிருக்கிறீர்கள்! முதல் சீட்டு எடுக்குமுன் ஸ்கூட் விட்டால் 20, எடுத்த பிறகு விட்டால் 40. ஐந்து தடவை ஸ்கூட் விட்டாலும் 100தான், இன்னும் ஆட்டத்தில் இருக்கிறீர்கள். ஒரே ஒரு ஃபுல் (அந்த உச்சப் புள்ளி) வாங்கினால் 80, அப்புறம் இரண்டாவது ஸ்கூட்டுக்குக்கூட இடமில்லை. ஜோக்கர் இல்லை, ரம்மிக்கு அறிகுறியே இல்லை, படச்சீட்டு மட்டும் ஐந்து என்று கை வந்தால் கவிழ்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். இருவர் ஆடும்போது நின்று பார்ப்பதில் ஓரளவு அர்த்தம் உண்டு. ஆறு பேர் இருந்தால் யாராவது ஒருவருக்கு நல்ல கை வந்தே தீரும்.

எத்தனை கட்டு வைத்து ஆடினீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு கட்டு, இரண்டு ஜோக்கர் என்றால் 106 சீட்டு. ஆறு பேருக்கு 78 போய், வெட்டிய ஜோக்கரும் திறந்த சீட்டும் போக 26தான் மிச்சம், அதாவது எல்லோரும் நின்று ஆடினால் நாலு சுற்றில் கட்டு காலி. மறுபடி கலைத்துப்போட வேண்டும், அதுவரை நினைவில் வைத்த கணக்கும் போய்விடும். மூன்று கட்டு சேருங்கள்.

அதிர்ஷ்டமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்து, எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கும் திறமை வேண்டும் என்று 1967-லேயே சொல்லிவிட்டார்கள். அதற்காக ஃபோனில் பணம் கட்டி ஆடக் கிளம்பிவிடாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, 2025-ல் நாடாளுமன்றம் தடைச் சட்டம் போட்டாயிற்று.

அடுத்த லீவில் மாமாவை உங்களுக்கு முந்தைய இடத்தில் உட்கார வையுங்கள். அவர் போடுவதை நீங்கள் எடுக்கலாம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், பாருங்கள்.