தோற்றது யார் என்பது பாதிக் கணக்குதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவில் படிக்கும் என் மகளும் நானும் ஒவ்வொரு நவம்பரிலும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுக்குப் போகும் 12 அணிகளைக் கணித்து எழுதுவோம். கடைசி வாரத்து அதிர்ச்சித் தோல்விகள் பட்டியலைக் குலைத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் தோற்கும் அணியை ரேங்கிங்கில் எத்தனை இடம் கீழே இறக்குவது? ரேங்கிங் போட்டு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக் குழு தொலைக்காட்சிக்காரர்கள் பேச்சைத்தான் கேட்கிறது என்கிறாள் மகள். எல்லாம் அதிர்ஷ்டம்தான், விட்டுவிடலாமா என்று எனக்கும் சலிப்பாக இருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு அவர்களோடு பேச ஏதாவது ஒரு விஷயம் மிஞ்சியிருப்பதே பெரிது. உங்களுக்கு அது ஆண்டுதோறும் தானாகவே வருகிறது.

கேட்டதற்கு முதலில் பதில். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் 13-10 என்று வீழ்த்தியது. ஒஹாயோ ஸ்டேட் 2ஆம் இடத்திலிருந்து 6க்கு இறங்கியது. அதே நாளில் சிரக்யூஸிடம் 42-38 என்று தோற்ற மயாமி 6லிருந்து 12க்குப் போனது. சவுத் கரோலினாவிடம் 17-14 என்று தோற்ற கிளெம்சன் 12லிருந்து 17க்கு. ஆக, அந்த வாரத்தில் ஒரு தோல்வியின் விலை நான்கிலிருந்து ஆறு இடங்கள்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நான்கு இடம் இறங்கிய ஒஹாயோ ஸ்டேட் பிளேஆஃபுக்குள் நுழைந்து 2025 ஜனவரியில் கோப்பையையே வென்றது. 12ஆம் இடத்துக்கு வந்த மயாமி வெளியே நின்றது. 17க்குப் போன கிளெம்சன் உள்ளே வந்தது. தோற்ற அணிக்கு மதிப்பெண் குறைக்கும் எந்த முறையும் இந்த மூன்றையும் ஒருசேரச் சரியாகச் சொல்லியிருக்காது. இதுவரை தப்பான நெடுவரிசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

கிளெம்சனை எடுத்துக்கொள்வோம். அது தோற்றது சவுத் கரோலினாவிடம். கான்ஃபரன்ஸ் என்பது தனி அட்டவணையும் தனி சாம்பியனும் கொண்ட அணிகளின் கூட்டம். சவுத் கரோலினா எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. கிளெம்சன் இருப்பதோ ஏ.சி.சி.யில். அதனால் ஏ.சி.சி. அட்டவணையில் கிளெம்சனின் 7-1 (ஏழு வெற்றி, ஒரு தோல்வி) அப்படியே இருந்தது. சிரக்யூஸிடம் மயாமி தோற்றது ஏ.சி.சி.க்கு உள்ளேயே நடந்த ஆட்டம். மயாமி வென்றிருந்தால் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி அதற்குத்தான். தோற்றதால் 6-2 ஆகி, அந்த இடம் கிளெம்சனுக்குப் போனது. நண்பகல் ஆட்டத்தில் தோற்ற அணியின் பிளேஆஃப் வாய்ப்பு மாலைக்குள் கூடிவிட்டது. அடுத்த வாரம் அந்த இறுதிப் போட்டியில் கிளெம்சன் கடைசி நொடியில் 56 கஜ தூரத்திலிருந்து பந்தை உதைத்து ஃபீல்ட் கோல் அடித்து எஸ்.எம்.யு.வை 34-31 என்று வென்று சாம்பியன் ஆனது. ரேங்கிங்கில் 16ஆம் இடம்தான், ஆனாலும் உயர்ந்த ரேங்கிங் கொண்ட ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்ற அப்போதைய விதியில் உள்ளே வந்தது. 11ஆம் இடத்திலிருந்த அலபாமா வெளியேறியது. கிளெம்சனைத் தோற்கடித்த சவுத் கரோலினாவும் 15ஆம் இடத்தில் இருந்தபடியே வெளியே நின்றது.

ஆகவே ஒரு அதிர்ச்சித் தோல்வி வந்ததும் கேட்க வேண்டியது இதுதான்: அந்தத் தோல்வி கான்ஃபரன்ஸுக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றால், இறுதிப் போட்டியில் அந்த இடம் யாருக்குப் போகிறது? புதிதாக வருபவர் வென்றால் 12இல் கடைசி ஆள் யார்?

தொலைக்காட்சிக் குற்றச்சாட்டை விடுங்கள். மகளிடமும் சொல்லுங்கள். 13 பேர் கொண்ட குழுவின் மனதுக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது, கான்ஃபரன்ஸ் அட்டவணையைப் பார்க்க முடியும்.

அதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். ஐந்து முக்கிய ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் வலுவான அணிக்கு 85 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். ஐந்து பேரும் வெல்லும் வாய்ப்பு 0.85ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, அதாவது 44 சதவீதம். குறைந்தது ஒரு அதிர்ச்சியாவது நடக்கும் வாய்ப்பு 56. வலுவான அணிகள் எல்லாமே வெல்லும் என்று நிரப்பிய பட்டியல் தவறிப்போகும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி.

எனவே ஒற்றைப் பட்டியல் போடாதீர்கள். கடைசி இரண்டு வாரங்களில் உண்மையிலேயே முடிவை மாற்றக்கூடிய ஐந்து ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். வெற்றி தோல்விச் சேர்க்கைகள் மொத்தம் 32 வரும், ஒரே தாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் முதலில் ஐந்து வாய்ப்புகளின் பெருக்கல், பிறகு கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்குப் போகும் இருவர், பிறகு சாம்பியன்கள் ஐவர், கடைசியாக மீதி ஏழு இடம். ஒரு அணி உள்ளே வரும் வரிசைகளின் வாய்ப்புகளைக் கூட்டினால் அதுதான் அந்த அணியின் சதவீதம். பெரும்பாலும் தவறு நேர்வது இறுதிப் போட்டிக்குப் போகும் இருவரைக் குறிக்கும் இடத்தில்தான். சம புள்ளியில் நிற்கும் அணிகளைப் பிரிக்கும் விதி ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் வேறு, மூன்று அணிகள் சமமானால் இன்னும் வேறு. அதைப் படிக்காமல் எழுதுவது ஊகம்.

ஆண்டுக்கு ஆண்டு விதியும் மாறுகிறது. 2024இல் முதல் நான்கு சீடும் (சீட் என்பது பிளேஆஃபில் யார் யாரோடு ஆடுவது என்பதை முடிவு செய்யும் வரிசை எண்) முதல் சுற்று ஓய்வும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே. அதனால்தான் 6ஆம் ரேங்கில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் 8ஆம் சீடாக ஆடியது. 2025இல் ரேங்கிங் வரிசையே சீட் வரிசை. சாம்பியன் ஆனாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். 2025இல் ஏ.சி.சி.யை வென்ற டியூக் அணிக்கு அதற்குள் ஐந்து தோல்வி. ஐந்து சாம்பியன்களில் ஒருவராக அது தேறவில்லை, ரேங்கிங்கில் அதைவிட மேலே இருந்த வேறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களான டுலேனும் ஜேம்ஸ் மாடிசனும் உள்ளே போயின.

2025இல் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிகள் நடந்த அந்த வார இறுதியில் நோட்ர டேமும் மயாமியும் ஆடவே இல்லை. நோட்ர டேம் 10ஆம் இடம், மயாமி 12, நடுவில் பி.ஒய்.யு. என்ற அணி. டெக்சாஸ் டெக்கிடம் பி.ஒய்.யு. 34-7 என்று தோற்று இறங்கியதும் மற்ற இரண்டும் அடுத்தடுத்து வந்தன. அப்போது ஆகஸ்டில் மயாமி 27-24 என்று நோட்ர டேமை வென்றது கணக்குக்கு வந்தது. மயாமி உள்ளே, நோட்ர டேம் வெளியே. உங்கள் 32 வரிசைகளிலும் கடைசி இடத்துக்கு அருகருகே வரும் இரண்டு அணிகளைக் குறித்து, அவை அந்த சீசனில் நேருக்கு நேர் ஆடியிருக்கின்றனவா என்று பக்கத்தில் எழுதுங்கள். சமன் பிரிக்கும் விதிகளை மகளிடம் கொடுத்துவிடுங்கள். அக்டோபரிலேயே கொடுங்கள், நவம்பர் கடைசியில் படிக்க நேரமிருக்காது.