மச்சாளின் இயற்கைப் பெட்டியும் வாராந்தக் கடனும்

கேள்வி: நாங்கள் தர்மபுரத்தில் இருக்கிறோம். கணவருக்கு மேசன் வேலை, நான் வீட்டில் தைக்கிறேன். சவர்க்காரம், சலவைத்தூள், நிலம் துடைக்கும் திரவம், சம்பூ, நுளம்புச்சுருள் என்று மாதம் 4,200 ரூபா போகிறது. வீட்டில் இரசாயனமும் பிளாஸ்ரிக்கும் குறையட்டும் என்று, மச்சாள் சொன்ன 'இயற்கைத் துப்புரவுப் பெட்டி'யை 50,000 ரூபா குழுக்கடன் எடுத்து வாங்கினேன். வாரம் 1,250 ரூபா, 52 வாரம். 22 வாரம் கட்டிவிட்டேன். வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை விற்கலாம் என்றா, ஆனால் போத்தல்களில் பாதிக்கு மேல் விற்காமல் கிடக்கின்றன. இப்போது ஒரு லட்சம் எடுத்துப் பழைய கடனை முடித்துவிட்டு, மிச்சத்தைப் போட்டு அடுத்த நிலைக்கு வா, மூன்று பேரைச் சேர்த்தால் கொமிசன் என்கிறா மச்சாள். இயற்கைப் பொருட்களால் வீட்டுச் செலவைக் குறைத்து இந்தத் தவணையைச் சமாளிக்க வழி சொல்லுங்கள்.
வாசகி, தர்மபுரம்

பதில்: தங்கச்சி, சாம்பலும் தும்பும் போட்டுச் சட்டி தேய்ப்பதையும், புளி போட்டுப் பித்தளை விளக்குவதையும், செவ்வரத்தம் இலை அரைத்துத் தலை முழுகுவதையும் வன்னியில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. தொல்லை சவர்க்காரத்தில் இல்லை. வாரம் 1,250 என்றால் மாதம் ஏறக்குறைய 5,400 ரூபா. நாளையிலிருந்து ஒரு துண்டு சவர்க்காரம்கூட வாங்காமல் விட்டாலும் மிஞ்சுவது 4,200. தவணைக்கு இன்னும் 1,200 ரூபா குறைகிறது. சிக்கனத்தால் இந்தக் கடனைத் துரத்திப் பிடிக்க முடியாது.

கடனின் விலையையும் பாருங்கள். 52 வாரத்தில் 65,000 கட்டுகிறீர்கள், வட்டி 15,000. 'முப்பது வீதம்தானே' என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் முதல் வாரத்திலிருந்தே கடன் தொகையையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள். வருடம் முழுக்க 50,000 உங்கள் கையில் இருக்கவில்லை. குறைந்துகொண்டு போகும் மீதிக்குக் கணக்குப் போட்டால் வட்டி வருடத்துக்கு 50 வீதத்தைத் தாண்டுகிறது. இதே கணக்கில் ஒரு லட்சம் எடுத்தால் வாரம் 2,500, மாதம் கிட்டத்தட்ட 10,800. மேசன் வேலை மாரியில் எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இரண்டாவது கடனுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். மச்சாள் எடுக்கும் கடனுக்குப் பிணையாகவும் நிற்காதீர்கள். குழுக்கடன் என்றால் ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் கடன், அவர் தவறினால் வாரக் கூட்டத்தில் உங்களைத்தான் கேட்பார்கள்.

மூன்று பேரைச் சேர்க்கும் பேச்சு எனக்கு இன்னும் கவலை தருகிறது. சாமான் விற்ற இலாபத்தால் அல்லாமல், முக்கியமாக ஆள் சேர்ப்பதால் காசு வரும் திட்டத்துக்குப் பிரமிட் திட்டம் என்று பெயர். இலங்கையில் அது வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். நடத்துவது மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பதும்தான். நீங்கள் கூட்டிக்கொண்டு போகும் மூன்று பேரும் உங்கள் ஒழுங்கைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுடைய வாரத் தவணைக்கும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இனிச் செய்யக்கூடியது. 30 வாரம் மிச்சம், அதாவது 37,500 ரூபா. ஆனால் அதில் இனி வரும் வட்டியைக் கழித்தால், இன்று நிற்கும் கடன் தொகை என் கணக்கில் 32,000 அளவில்தான் வரும். கடன் தந்த இடத்தில், 'இப்போதே முடித்தால் எவ்வளவு?' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 32,000க்குக் கிட்டச் சொன்னால், சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ குறைந்த வட்டிக்கு எடுத்து முடிப்பது நல்லது. முழு 37,500ஐயும் கேட்டால் அப்படி மாற்றுவதில் இலாபமில்லை, வாரா வாரம் கட்டி முடியுங்கள். விற்காத போத்தல்களைத் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அந்தக் காசைத் தவணைக்கு ஒதுக்குங்கள்.

சரி, இரசாயனத்தையும் பிளாஸ்ரிக்கையும் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் அதற்குப் பெட்டி எதற்கு? பிளாஸ்ரிக் போத்தலில் வரும் சாமானை 'இயற்கை' என்று இரண்டு மடங்கு விலைக்கு வாங்கினால் குப்பையும் குறையாது, செலவும் குறையாது. பெட்டிக்குள் மாதிரிக்கென்று 10 மில்லிலீற்றர் சம்பூப் பக்கற்றுகள் இருக்கின்றனவா, பாருங்கள். உணவும் மருந்தும் தவிர, 20 மில்லிலீற்றரும் அதற்குக் குறைந்ததுமான பக்கற்றுகளை 2021 மார்ச் 31 முதல் நாட்டில் தடை செய்திருக்கிறார்கள்.

சலவைத்தூள் விரைவில் தீர்வதற்குப் பெரிய காரணம் தண்ணீராக இருக்கும். உங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம். அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கசடாகிவிடும், நுரை வராது, நாங்கள் இன்னும் போடுவோம். மாரியில் கூரைக்குப் பீலி வைத்து ஒரு பரலில் மழைத்தண்ணீர் பிடியுங்கள். அதில் தோய்த்தால் பாதிச் சவர்க்காரமே போதும். கோடையில் கொஞ்சம் சலவைச் சோடாவை (அப்பச்சோடா அல்ல) தண்ணீரில் கரைத்துவிட்டு அப்புறம் சவர்க்காரம் போடுங்கள். பட்டுச் சேலைக்கு அது வேண்டாம், கையிலும் நெடுநேரம் படக்கூடாது.

சாம்பல் பாவிப்பதென்றால் விறகுச் சாம்பலாக இருக்கட்டும். அடுப்பு மூட்டச் சொப்பிங் பையைக் கொளுத்தினால் புகையும் நஞ்சு, சாம்பலும் ஏனத்துக்கு ஆகாது. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து எல்லாவற்றையும் கழுவலாம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடும், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத்தண்ணீர். தனித்தனியே பாவித்தால் பயன் உண்டு. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரோடு வினாகிரியையோ தேசிக்காய்ப் புளியையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், பூட்டிய குளியலறையில் அது உயிராபத்து.

இவற்றால் மாதம் 2,000 ரூபா மிஞ்சினால் நல்ல மிச்சம். முதல் வாரத்திலிருந்தே அதைத் தவணைக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.

மச்சாளோடு கோபித்துக்கொள்ள வேண்டாம். 'இந்தக் கடன் முடியும்வரை வேறு கடன் எடுப்பதில்லை என்று நானும் அவரும் முடிவெடுத்துவிட்டோம்' என்று கணவரை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை சொல்லுங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கடன் தந்த இடம் தொகையை எழுதித் தந்தால், அதையும் தவணை அட்டையின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள். எந்த வழி இலாபம் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.