பழைய வெஸ்ட் துப்பாக்கியும் சூதாட்டச் சாமானும்: வாசகர் கேள்விகள்

போன இதழ்ல அமெரிக்க கவ்பாய் காலத்துப் பொருட்கள் சேகரிக்கிறதைப் பத்தி ரெண்டு பத்தி எழுதினதுக்கே இத்தனை கேள்வி வந்திருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க அதேதான்.

கேள்வி (டல்லாஸ் வாசகர்): இங்க பழம்பொருள் சந்தையில ஒரு மரப்பெட்டி பார்த்தேன். உள்ள சிவப்பு வெல்வெட், அதுல ரெண்டு குழல் வச்ச குட்டித் துப்பாக்கி, ஒரு கத்தி, சீட்டுக்கட்டு, டைஸ், போக்கர் சிப்ஸ். 1850-கள்ல மிசிசிப்பி கப்பல்ல சூதாடின ஒருத்தரோட செட்னு விக்கிறவர் சொல்றார். வாங்கலாமா? போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: செட்டா வாங்காதீங்க. இந்த மாதிரிப் பெட்டிங்க பெரும்பாலும் நம்ம காலத்துல யாரோ சேர்த்து அடுக்கினது. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணும் தனித்தனியா நிஜமாவே பழசா இருக்கலாம், ஆனா அதெல்லாம் ஒண்ணா ஒரே ஆள் கையில இருந்துச்சுங்கிறதுதான் கட்டுக்கதை, விலை ஏறுறதும் அந்தக் கதையாலதான்.

உங்க போட்டோவையே பாருங்க. ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு குழல் இருக்கிற அந்தத் துப்பாக்கி ரெமிங்டன் டபுள் டெரிஞ்சர், அது முதல்ல வந்ததே 1866-ல, அப்போ 1850-கள்ல கப்பல்ல போனவர் பாக்கெட்ல அது எப்படி இருக்கும்? மிசிசிப்பி ஸ்டீமர் சூதாட்டம் கொடிகட்டிப் பறந்தது 1861-ல உள்நாட்டுப் போர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. இந்த மாடலை 1935 வரைக்கும் செஞ்சாங்க, சுமார் ஒன்றரை லட்சம் துப்பாக்கி, அதனால அபூர்வமும் இல்ல. குழலோட மேல்பக்கம் பொறிச்சிருக்கிற பேரை லென்ஸ் வச்சுப் படிங்க. ஈ. ரெமிங்டன் அண்ட் சன்ஸ்னு இருந்தா பழைய குடும்பக் கம்பெனி காலம், அது நொடிச்சுப்போய் 1888-ல கை மாறிடுச்சு. ரெமிங்டன் ஆர்ம்ஸ் கூட யு.எம்.சி.ன்னு தோட்டா கம்பெனி பேரும் சேர்ந்து இருந்தா அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு, கவ்பாய் காலம் முடிஞ்சு போனதுக்கு அப்புறம் செஞ்சது. அப்படியே குழல் மடங்குற கீல் பக்கம் பாருங்க, இந்த மாடல்ல அங்கதான் விரிசல் விடும், விரிசல் இல்லாத கீல் கிடைச்சா அது நல்ல பீஸ்.

சீட்டுக்கட்டுக்கும் அதே மாதிரி கணக்கு இருக்கு. மூலையில நம்பர் போட்ட கட்டு பரவலானது 1870-களுக்கு அப்புறம்தான், அதுக்கு முன்னாடி சீட்டு முழுசா விரிச்சாத்தான் என்னன்னு தெரியும். அமெரிக்க அரசாங்கம் சீட்டுக்கட்டுக்கு 1862-லிருந்து 1883 வரைக்கும் வரி ஸ்டாம்ப் ஒட்ட வச்சுது, மறுபடி 1894-ல கட்டுக்கு ரெண்டு சென்ட் வரி வந்துச்சு, அதனால ஸ்டாம்ப் மிச்சம் இருந்தா கட்டோட காலம் ஓரளவு தெரிஞ்சுடும். கடைசியா பெட்டியோட ஸ்க்ரூவைப் பாருங்க, தலையில பிளஸ் மாதிரி வெட்டு இருந்தா அது 1930-களுக்கு அப்புறம் வந்த ஸ்க்ரூ. வெல்வெட்லயும் விஷயம் இருக்கு, எண்ணெய் போட்ட இரும்பு வருஷக்கணக்கா கிடந்த துணியில அதோட வடிவத்துக்குக் கறையும் பள்ளமும் விழுந்தே தீரும், உங்க போட்டோவுல துணி புதுசா பளபளன்னு இருக்கு.

டெரிஞ்சர் மட்டும் பிடிச்சிருந்தா அதுக்கு மட்டும் விலை கேளுங்க.

கேள்வி (நியூஜெர்சி வாசகி): என் வீட்டுக்காரர் பழைய போக்கர் சிப்ஸ் வாங்கிட்டு வந்தார். தந்தம்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். எப்படித் தெரிஞ்சுக்கிறது? வித்தா நல்ல விலை வருமா?

பதில்: நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வச்சுப் பாருங்க. யானைத் தந்தத்தைக் குறுக்க வெட்டின பக்கத்துல கோடுகள் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு வலை மாதிரி தெரியும். எலும்பா இருந்தா சின்னச் சின்னக் கருப்புப் புள்ளியும் குழியும் இருக்கும், அது ரத்தக்குழாய் போன வழி. கோடெல்லாம் நேரா, ஒரே அளவா, வரிசையா ஓடினா அது செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். சூடான ஊசியால குத்திப் பாருன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு செய்யாதீங்க, செல்லுலாய்டு குப்புனு தீப்பிடிக்கும். தந்த சிப் ஒவ்வொண்ணும் கையால செதுக்கினது, பூ, வட்டம், நம்பர்னு கோடு போட்டு அதுல சாயம் ஏத்துவாங்க, ஒரே டிசைன்ல ரெண்டு சிப்பைப் பக்கத்துல வச்சா கோடு கொஞ்சம் விலகித்தான் இருக்கும், அந்த விலகலைப் பார்க்கவே நான் மணிக்கணக்கா உக்காருவேன். 1880-களுக்கு அப்புறம் களிமண் கலவை சிப் வந்து தந்தத்தை ஓரங்கட்டிடுச்சு.

விக்கிறதுன்னா ஜாக்கிரதை. உங்க நியூஜெர்சியில 2014-லயே தந்த விற்பனைக்குத் தடை வந்தாச்சு, நியூயார்க்லயும் அதே வருஷம், 2016-ல கலிஃபோர்னியாவும், நாடு முழுக்க மத்திய அரசோட கடும் கட்டுப்பாடும். தந்தமா இருந்தா வச்சுக்கோங்க, விளம்பரம் கொடுக்காதீங்க. யானைக்காக வந்த சட்டம், சேகரிக்கிறவங்க அதை முழு மனசோட மதிக்கணும்.

கேள்வி (மதுரை வாசகர்): ஓல்டு வெஸ்ட்னாலே எல்லாரும் போக்கர்தான் ஆடின மாதிரி காட்டுறாங்க. நீங்க ஃபேரோன்னு எழுதியிருந்தீங்க. அது என்ன ஆட்டம், அதுல சேகரிக்க என்ன இருக்கு?

பதில்: அந்தக் காலத்து சலூன்ல கூட்டம் கூடினதே ஃபேரோ மேஜையிலதான். துப்பாக்கிக்குப் பேர் போன வயாட் ஏர்ப், டாக் ஹாலிடே, பேட் மாஸ்டர்சன் எல்லாரும் ஃபேரோ மேஜை நடத்தினவங்க, ஹாலிடே படிச்சது பல் டாக்டருக்கு. மேஜை மேல பச்சைத் துணி, அதுல ஏஸ்லேருந்து ராஜா வரைக்கும் 13 ஸ்பேடு சீட்டு வரைஞ்சிருக்கும், நீங்க பிடிச்ச சீட்டு மேல பணம் வைப்பீங்க. டீலர் ஸ்ப்ரிங் வச்ச ஒரு உலோகப் பெட்டியிலேருந்து ரெண்டு ரெண்டு சீட்டா உருவுவார், முதல் சீட்டு தோத்த சீட்டு, ரெண்டாவது ஜெயிச்ச சீட்டு. ஒரு சீட்டு தோக்கும்னு பந்தயம் கட்டணும்னா பணத்து மேல ஒரு செப்பு வில்லையை வைக்கணும். ரெண்டு சீட்டும் ஒரே மதிப்பா விழுந்தாத்தான் அதுல இருக்கிற பணத்துல பாதி மேஜை நடத்துறவருக்குப் போகும், மத்தபடி அவருக்கு லாபமே இல்ல, அதனாலதான் ஃபேரோவுல அவ்வளவு திருட்டுத்தனம் புகுந்துச்சு. அடுத்த சீட்டை டீலர் மட்டும் எட்டிப் பார்க்கிற மாதிரி, ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு சீட்டு நழுவற மாதிரியெல்லாம் ரகசிய நெம்புகோல் வச்ச பெட்டிங்க செஞ்சு வித்தாங்க. சான் பிரான்சிஸ்கோவுல வில் அண்ட் ஃபிங்க்னு கத்தி செய்யற கம்பெனியே சீட்டு வெட்டுற கருவியும் ஏமாத்துற சாமானும் செஞ்சு கொடுத்துச்சு, அவங்க முத்திரை இருக்கிற பொருளுக்கு இன்னிக்கும் தனி விலை.

எனக்கு எல்லாத்தையும் விடப் பிடிச்சது கேஸ்கீப்பர். எந்தச் சீட்டு எத்தனை போச்சுன்னு கணக்கு வைக்கிற மணிச்சட்டம் அது, 13 கம்பி, கம்பிக்கு நாலு மணி. நிஜமா ஆடினதுன்னா மணியோட துளை தேஞ்சு லேசா நீள்வட்டமா ஆகியிருக்கும், கம்பி நடுவுல பளபளப்பும் ரெண்டு ஓரத்துல அழுக்கும் இருக்கும், வரைஞ்ச சீட்டுப் படத்துல விரல் பட்ட இடம் மங்கியிருக்கும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பழுப்பா இருந்தா அது டீத்தண்ணியில முக்கின புது மரம்.

கேள்வி (சென்னை வாசகர்): ஒரே ஒரு பழைய ரிவால்வர் 60 லட்சம் டாலருக்குப் போச்சாமே, அப்படி என்ன இருக்கு அதுல?

பதில்: ஷெரிஃப் பேட் காரெட் 1881 ஜூலை 14 ராத்திரி நியூ மெக்சிகோவுல ஃபோர்ட் சம்னர்ல பில்லி த கிட்ங்கிற கொள்ளைக்காரனைச் சுட்ட கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர் அது, 2021-ல ஏலம் போச்சு. அதே மாடல் வேற யாராவது வச்சிருந்ததுன்னா அந்த விலையில சின்னத் துளிகூட வராது, விலை முழுக்க பேப்பர்ல இருக்கு, அதாவது அது யார்கிட்ட இருந்துச்சுன்னு நிரூபிக்கிற ஆவணத்துல. காரெட்டுக்கு அப்புறம் எல் பாசோவுல ஒரு சலூன்காரர்கிட்ட அது இருந்துச்சு, 1930-கள்ல காரெட்டோட மனைவி கோர்ட்டுக்குப் போய் அதை மீட்டாங்க, அந்த வழக்கே இன்னிக்குப் பெரிய சாட்சி.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை சொல்வாங்க. பேட் மாஸ்டர்சன் வயசான காலத்துல நியூயார்க்ல பத்திரிகையில எழுதிக்கிட்டு இருந்தப்போ உங்க துப்பாக்கியைக் கொடுங்கன்னு ஒருத்தர் நச்சரிச்சாராம், இவர் அடகுக்கடையில ஒரு பழைய கோல்ட் வாங்கி கைப்பிடியில கத்தியால கீறல் போட்டு வித்துட்டாராம். கைப்பிடிக் கீறலுக்குக் காசு கொடுக்கிற யாரும் இதை மனசுல வைக்கணும். ஆனா அதே மாஸ்டர்சன் 1885 ஜூலையில டாட்ஜ் சிட்டி சலூன் லெட்டர்பேடுல கோல்ட் கம்பெனிக்கு எழுதின ஆர்டர் நிஜம். நிக்கல் பூசின .45 வேணும், குழல் எஜெக்டர் ராட் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளிய தள்ளுற கம்பி) நீளத்துக்கே போதும், முன் குறிமுள் தடிமனா இருக்கணும்னு கேட்டிருக்கார். கோல்ட் கம்பெனி பழைய ரெஜிஸ்டரைப் பார்த்து சீரியல் நம்பருக்கு லெட்டர் தருது, எப்போ, எந்த ஊருக்கு, என்ன குழல் நீளத்துல, என்ன பூச்சோட அனுப்பினாங்கன்னு அதுல வரும். பெரிய தொகை கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த லெட்டர் வாங்குங்க.

கேள்வி (ஹூஸ்டன் வாசகர்): என்கிட்ட 1890-கள்ல செஞ்ச வின்செஸ்டர் ரைஃபிள் இருக்கு. லைசென்ஸ் வேணுமா? திருச்சிக்கு எடுத்துட்டு வரலாமா?

பதில்: அமெரிக்க மத்திய சட்டப்படி 1898 முடியறதுக்குள்ள செஞ்சது ஆன்டிக், அதாவது துப்பாக்கிக் கணக்குலயே வராத பழம்பொருள், ஆனா மாநிலச் சட்டம் வேற வேற, உங்க மாநிலத்துது பாருங்க. திருச்சிக்கு வேண்டவே வேண்டாம், சுடக்கூடிய துப்பாக்கி எவ்வளவு பழசா இருந்தாலும் இங்க 1959 ஆயுதச் சட்டத்துல மாட்டும்.

கேள்வி (கோவை வாசகி): அமெரிக்காவுல இருக்கிற என் அண்ணன் துருப்பிடிச்ச பழைய ரைஃபிள் ஒண்ணு வாங்கியிருக்கார். பாலிஷ் போட்டா விலை கூடுமா?

பதில்: கூடாது, பாதியாக் குறையும். 2014-ல நெவாடாவுல கிரேட் பேசின் தேசியப் பூங்காவுல ஒரு ஜூனிப்பர் மரத்துல சாய்ச்சு வச்ச மாதிரியே ஒரு வின்செஸ்டர் 1873 கிடைச்சுது. கட்டை வெளுத்து சாம்பல் நிறமா வெடிச்சு, குழல் முழுக்கத் துரு. வயோமிங்ல கோடி ஊர்ல இருக்கிற துப்பாக்கி மியூசியத்துல வின்செஸ்டர் கம்பெனியோட பழைய ரெஜிஸ்டர் இருக்கு, அதுல பார்த்தா 1882-ல கம்பெனியை விட்டுப் போன துப்பாக்கி, யாருக்குப் போச்சுன்னு இல்ல. எக்ஸ்ரே எடுத்தா கட்டைக்குள்ள ஒரு தோட்டா இருந்துச்சு. அதைப் புதுசாக்கணும்னு அவங்க யோசிக்கவே இல்ல, கட்டை இன்னும் உதிராம மட்டும் பார்த்துக்கிட்டாங்க.

உங்க அண்ணன் முதல்ல தெரிஞ்சவங்களை வச்சு உள்ள தோட்டா இருக்கான்னு பார்க்கட்டும். அப்புறம் மெல்லிசா எண்ணெய் தொட்ட காட்டன் துணியால துடைச்சா போதும். உப்புத்தாள், ஸ்டீல் உல், துரு நீக்குற ஆசிட் எதுவும் கிட்டவே வரக்கூடாது, பொறிச்ச எழுத்து ஒருதரம் தேஞ்சா போனது போனதுதான். தோல் உறையில வச்சுப் பூட்டாதீங்க, தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும்.