உறைந்த சிம்கோவில் தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள சிம்கோ ஏரியின் தெற்கே குக்ஸ் குடாவில் ஐஸ் பிடித்துவிட்டது என்ற செய்தி பரவியதும் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை நாலு பேர் சிம்கோவுக்குப் போனோம். நாள் முழுக்க இருந்தும் ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. என்ன பிழை விட்டோம்? (ஸ்காபரோ)

எந்தக் குடாவில் இறங்கினீர்கள், எத்தனை அடி ஆழம், என்ன இரை, எத்தனை மணிக்குத் துளை போட்டீர்கள்? ஒன்றையுமே எழுதவில்லையே. சிம்கோ 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஏரி. குக்ஸ் குடாவில் களை வளர்ந்த ஆழமற்ற திட்டுகள் உண்டு. பாரி நகரப் பக்கம் கெம்பன்ஃபெல்ட் குடாவில் 40 மீட்டர் ஆழம்வரை போகும். அங்கே போய் இருந்து பேர்ச் தேடினீர்களா, இங்கே இருந்து ஆழத்து மீனான லேக் ட்ரவுட் தேடினீர்களா என்று நான் எப்படி அறிவது? அடுத்தமுறை இந்த நாலு விவரத்தோடு எழுதுங்கள்.

ஊகத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பேர்ச் கூட்டமாக நகரும் மீன். ஒரு துளையில் இருபது நிமிடம் கடி இல்லையென்றால் எழும்பி அடுத்த துளைக்குப் போக வேண்டும். கூடாரத்தை அடித்து, சூட்டடுப்பைப் பற்றவைத்து, ஒரே இடத்தில் பொழுது சாயும்வரை குந்தியிருப்பவர்களிடமிருந்துதான் இந்தக் கடிதம் ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. புதுத் துளைக்கு நடக்கும்போது அலவாங்கால் முன்னே குத்திக் குத்தி நடங்கள். அதை மறக்கவே கூடாது.

பைக் மீனுக்கு டிப்-அப்பில் மின்னோவை எப்படிக் கோர்ப்பது, எவ்வளவு ஆழத்தில் தொங்கவிடுவது? (மார்க்கம்)

நல்ல கேள்வி. டிப்-அப் என்பது ஐஸ் துளைமேல் வைக்கும் தூண்டில், மீன் இழுத்ததும் அதன் கொடி எழும்பும். மின்னோ என்பது இரைக்கு விற்கும் சின்ன மீன். இரைக்கு சக்கர் மின்னோ எடுங்கள், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், அதாவது 15 முதல் 20 சென்றிமீற்றர். முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், தோலுக்கடியில் மட்டும் கொக்கி ஏற வேண்டும். முதுகெலும்பில் பட்டால் மின்னோ உடனே முடங்கிவிடும். நீந்தித் தவிக்காத மின்னோ இருக்கும் இடம் பைக்குக்குத் தெரியாது.

ஆழத்தை முதலில் ஈயத்தால் அளந்து கொள்ளுங்கள். களையின் உச்சியிலிருந்து ஓர் அடி, இரண்டு அடி மேலே இரை நிற்க வேண்டும். பைக்கின் கண்கள் மேல்நோக்கி அமைந்தவை. அது கீழே பதுங்கியிருந்து மேலே பாயும். களைக்குள் இரையைப் புதைத்துவிட்டு, கடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். துளையில் பச்சைக் களை வந்தால் அங்கே இருங்கள். பழுப்பாக அழுகிய களை வந்தால் இடத்தை மாற்றுங்கள், அழுகும் களை தண்ணீரின் ஒட்சிசனைத் தின்றுவிடும்.

ஐஸ் பிடித்த தொடக்கத்தில் 2, 3 மீட்டர் ஆழமுள்ள களைத்திட்டுகளிலேயே பைக் நிற்கும். நடுக் குளிரில் களையின் வெளி விளிம்புக்கு, ஏறக்குறைய 4, 5 மீட்டருக்கு இறங்கும். மார்ச்சில் சிற்றாறுகள் வந்து விழும் இடங்களை நோக்கித் திரும்பும், ஏனென்றால் ஐஸ் உருகிய கையோடு ஆழமற்ற புல்வெளித் தண்ணீரில் அது முட்டையிடும். அந்த நேரத்தில் பிடிபடும் பெரிய பெண் மீனைத் திரும்ப விடுங்கள். விடுவதென்றால், குளிர்காற்றில் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக் கொண்டிருக்காதீர்கள், செவுள் உறைந்துவிடும். நீண்ட இடுக்கியைத் துளைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

டிப்-அப்புக்குத் தங்கூசி வேண்டாம். குளிரில் சுருண்டு விறைத்துவிடும். 30 இறாத்தல் பின்னல் நூலும், நுனியில் ஓர் அடிக்குக் குறையாத கம்பி லீடரும் போடுங்கள். லீடர் இல்லாமல் போனால் பைக்கின் பல்லில் நூல் அறுந்து, மீன் கொக்கியோடு போய்விடும்.

அண்ணை, வெளியில் −20 பாகை. டிப்-அப்பை வைத்துவிட்டு, கரையில் நிற்கும் காருக்குள் இருந்து கொடியைப் பார்க்கலாமா? (ஏஜாக்ஸ்)

கூடாது, தம்பி. ஒன்ராறியோ விதிப்படி ஒவ்வொரு தூண்டிலிலிருந்தும் 60 மீட்டருக்குள் நிற்க வேண்டும், மறைப்பில்லாமல் அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். சிம்கோ ஐஸில் ஒருவருக்கு இரண்டு தூண்டில். காரில் தூங்கும் நண்பரின் பெயரில் மூன்றாவதும் நான்காவதும் போட முடியாது.

தண்டப்பணத்தைவிட எனக்குப் பெரிய விஷயம் மீன். பைக் இரையைக் குறுக்காகக் கவ்வும், கொஞ்சத் தூரம் ஓடும், நின்று தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். நீங்கள் காரிலிருந்து இறங்கி வருவதற்குள் கொக்கி தொண்டைக்குள் போய்விடும். சின்ன மீனாக இருந்தால் அதைத் திரும்பவிட்டும் பயனில்லை. இரண்டு மும்முனைக் கொக்கி கொண்ட அமைப்பைப் போட்டு, கொடி எழும்பியதும் நடந்து போய், நூல் ஓடுகிறதா என்று பார்த்து, உடனே இழுங்கள். விழுங்கட்டும் என்று காத்திருப்பது பழைய பழக்கம், அதை விடுங்கள்.

மாலையில் கிளம்பும்போது பத்துப் பதினைந்து மின்னோ உயிரோடு மிஞ்சியது. சாகடிக்க மனம் வரவில்லை, துளைக்குள்ளேயே விட்டுவிட்டோம். பிள்ளைகளும் சந்தோஷப்பட்டார்கள். புண்ணியம்தானே? (பிரம்டன்)

புண்ணியம் இல்லை. நீங்கள் செய்தது அந்த ஏரிக்குக் கெடுதல். இரக்கத்தோடு செய்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அந்த மின்னோ சிம்கோவில் பிறந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கோ ஒரு நீர்நிலையில் வலைபோட்டுப் பிடித்து, தொட்டியில் வைத்து, லொறியில் ஏற்றிக் கடைக்கு வந்தது. வாளியில் ஒரேமாதிரி வெள்ளியாக மினுங்கும் ஐம்பது குஞ்சுகளுக்கிடையே வேற்றினம் ஒன்று கலந்திருந்தால் உங்களால் பிரித்தறிய முடியுமா? மீனை விடுங்கள், வாளித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சும் நோய்க்கிருமியும் இருக்கலாம். மீன்களுக்கு இரத்தக்கசிவை உண்டாக்கிக் கூட்டமாகக் கொல்லும் வீ.எச்.எஸ். வைரஸ் 2005 அளவில் ஒன்ராறியோ ஏரியில் கண்டறியப்பட்டபோது, இரை மீன்களை இடம்விட்டு இடம் கொண்டுபோவதையே அரசு கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

கோபி மீனின் கதையைக் கேளுங்கள். கருங்கடல், கஸ்பியன் கடல் பக்கத்து மீன் அது. கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்து, 1990இல், கனடா-அமெரிக்க எல்லையில் உள்ள பெரிய ஏரிகளை (கிரேட் லேக்ஸ்) இணைக்கும் நீர்வழியான சென் கிளேயர் ஆற்றில் தென்பட்டது. பெரிய ஏரிகளிலிருந்து சிம்கோவுக்குத் தானாக நீந்தி வருவது எளிதல்ல. ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவிலிருந்து வரும் ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழியில் பிக் ஷூட் என்ற இடத்தில் படகுகளைத் தண்டவாளத்தில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோகிறார்கள். லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் மேலே ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அங்கே படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு மீனைத் தடுக்க இவ்வளவு செய்த ஏரி இது. அப்படியிருந்தும் 2004இல் சிம்கோவில் விழும் பெஃபர்லோ சிற்றாற்றில் கோபி அகப்பட்டது. யாரோ ஒருவருடைய இரை வாளியில் வந்திருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு அந்தச் சிற்றாற்றில் சில கிலோமீட்டர் நீளத்துக்கு மீன்கொல்லி மருந்து ஊற்றிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கோபி ஏரிக்குள் இறங்கிவிட்டது.

இப்போது பேர்ச் அந்தக் கோபியைத் தின்று கொழுக்கிறதே என்று சிலர் வாதாட வருவார்கள். அதே கோபிதான் பாஸ் மீன் காவல் காக்கும் கூட்டில் புகுந்து முட்டையைத் தின்கிறது. எந்தப் பக்கம் கணக்குப் பார்த்தாலும், இனி அதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதுதான் உண்மை.

அதனால் சட்டம் இப்படி: மிஞ்சிய இரையையோ வாளித் தண்ணீரையோ எந்த நீர்நிலையிலும், அதிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் கொட்டக் கூடாது. ஐஸின் மேல் கொட்டினாலும் அது ஏரியில் கொட்டியதுதான், வசந்தத்தில் எல்லாம் உள்ளே போகும். பக்கத்தில் இன்னும் மீன்பிடித்துக் கொண்டிருப்பவருக்குக் கொடுங்கள். இல்லையென்றால் தண்ணீரைக் கரையேறி 30 மீட்டருக்கு அப்பால் ஊற்றி, மின்னோவைப் பையில் கட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள். 2022 முதல் இரை வலயம் என்ற விதியும் உண்டு. வாங்கிய வலயத்துக்குள்ளேயே இரையைப் பயன்படுத்தி முடிக்க வேண்டும். சொந்த வலயத்துக்கு வெளியே மீன்பிடிப்பவர் பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டும், இரண்டு கிழமைக்குள் இரையை முடிக்கவும் வேண்டும். ஏரிக்கரைக் கடையிலேயே, தேவையான அளவுக்கு மட்டும் வாங்குங்கள். இரண்டு டசின் போதும் என்ற இடத்தில் ஆறு டசின் வாங்குவதால்தான் மாலையில் இந்தப் பிரச்சினையே வருகிறது.

பிள்ளைகளிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.

தமிழ்க் கடையில் வாங்கிய சூடை, நெத்தலியைப் பைக்குக்குப் போடலாமா? செத்த மீன்தானே? (ஸ்காபரோ, மேலும் மூவர்)

போடக் கூடாது. அரசின் பட்டியலில் உள்ள இன மீன்களைத்தான் இரையாகப் போடலாம், உயிரோடானாலும் செத்ததானாலும். சூடையைப் பொரித்துச் சாப்பிடுங்கள். செத்த இரைதான் வேண்டுமென்றால் செத்துப்போன சக்கர் மின்னோ போதும். குளிர்காலக் கடைசியில் பைக் அதை விரும்பியே எடுக்கும்.

ஐஸ் எவ்வளவு தடிப்பு இருந்தால் வான் வண்டியோடு இறங்கலாம்? (மிசிசாகா)

தெளிந்த நீலநிற ஐஸ் என்றால் நடக்க 10 சென்றிமீற்றர், ஸ்னோமொபைலுக்கு 20, காருக்கு 30க்கு மேல், வானுக்கு அதைவிடவும் கூட. வெள்ளையாகப் பால்போல் இருந்தால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள். வானோடு இறங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஒரே ஏரியில் ஓரிடத்தில் ஓர் அடி தடிப்பும், நூறு மீட்டர் தள்ளி, நீரோட்டம் உள்ள இடத்தில், நான்கு விரற்கடையும் இருக்கும். நேற்றுப் போனவர் சொன்னதை நம்பாமல் அலவாங்கால் குத்திப் பாருங்கள், ஆகரால் துளைத்து அளவுகோலை விட்டுப் பாருங்கள். ஐஸில் குத்தி ஏறும் ஆணிக் கைப்பிடி இரண்டைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போடுங்கள். பையின் அடியில் கிடந்தால் விழும்போது உதவாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 71 வயது. 65க்கு மேல் லைசென்ஸ் தேவையில்லைதானே? (பிக்கரிங்)

அந்தச் சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். விருந்தாளியாக வந்தவருக்கு வயது 90 என்றாலும் லைசென்ஸ் வேண்டும்.

நோர்வேயில் வாழ்கிறேன். இங்கேயும் பேர்ச், பைக் உண்டு. நீங்கள் எழுதும் உயிர் மின்னோ முறை இங்கே சரிவருமா? (ஒஸ்லோ)

சரிவராது. நோர்வேயில் உயிர் மீனை இரையாகப் போடுவது சட்டப்படி தடை. செத்த மீனைப் போடுங்கள், அதையும் அதே ஏரியிலிருந்தே எடுங்கள். அந்த நீர்நிலைக்குரிய மீன்பிடி அட்டையையும் வாங்கிக் கொள்ளுங்கள்.

பேர்ச் டிப்-அப்பில் மின்னோவைத் தின்றுவிட்டுப் போகிறது, கொடி எழும்புவதில்லை. (விற்பி)

இரை பெரிது, கொக்கி பெரிது, விசை இறுக்கம். பேர்ச்சுக்கு ஷைனர் என்ற இரை மீன் இரண்டு அங்குலத்தில் ஒன்றும் எட்டாம் இலக்கக் கொக்கியும் போதும், தரையிலிருந்து ஓரடிக்குள் நிற்கட்டும். என் ஆலோசனை: டிப்-அப்பைப் பைக்குக்கு விட்டுவிட்டு, பேர்ச்சுக்குக் கையில் சின்னத் தூண்டில் தடி ஒன்றைப் பிடியுங்கள். இருட்டிய பின் பேர்ச்சைத் தேடாதீர்கள், அது பகல் மீன்.

பேர்ச்சின் தோலில் கறுப்புப் புள்ளிகள். சாப்பிடலாமா? பைக்கின் முள்ளை என்ன செய்வது? (மொன்றியல்)

புள்ளி, ஒட்டுண்ணியின் குஞ்சு. நன்றாக வெந்தால் தீங்கில்லை. ஆனால் பைக்கையோ பேர்ச்சையோ அரைவேக்காடாகவோ பச்சையாகவோ உண்ணாதீர்கள், நாடாப்புழு வரும். பைக்கின் விலா எலும்புக்கு மேலே கவட்டை முள் ஒரு வரிசையாக ஓடும். அந்தப் பட்டையைத் தவிர்த்து முதுகிலிருந்து ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, வாலிலிருந்து இரண்டு என்று ஐந்து துண்டாக வெட்டினால் முள்ளில்லாத சதை கிடைக்கும். மிகப் பெரிய பைக்கில் பாதரசம் கூடுதலாக இருக்கும், கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள். இரண்டரை, மூன்று கிலோ மீன்தான் கறிக்கு ருசி.

இரவு வாங்கிய மின்னோ விடியமுன் செத்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றினாரா? (மார்க்கம்)

குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்களா? அதன் குளோரின் கொன்றிருக்கும். சமையலறைச் சூட்டில் வைத்தீர்களா? அதுவும் கொல்லும். கடைத் தண்ணீரிலேயே, குளிர்ந்த கராஜில், காற்றுக் குமிழி விடும் கருவியோடு வையுங்கள். செத்ததையும் 30 மீட்டர் விதிப்படிதான் அப்புறப்படுத்த வேண்டும்.